தடுக்க முடிந்தவர் ஏன் தடுக்கவில்லை?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. போன வருஷம் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் இன்னும் சரியாக வரவில்லை, பேச்சு குழறுகிறது. வேலை போய்விட்டது. பிள்ளைகள், வீடு, மருத்துவமனை, என் வேலை எல்லாம் என் தலையில்தான். சபையில் எல்லாரும், "கர்த்தர் அனுமதிக்காமல் ஒன்றும் நடக்காது, எல்லாம் அவர் கையில் இருக்கிறது, சந்தோஷமாயிருங்கள்" என்கிறார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை, பயமாக இருக்கிறது. அனுமதித்தார் என்றால், தடுக்க முடிந்தவர் தடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்? ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை தூக்கமில்லை. ஒரு சகோதரர், உண்மையான விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்திப் பாருங்கள் என்றார். போன மாதம் என் கணவர் வலது கையால் தம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடித்தார். சிரித்துவிட்டேன். அடுத்த நிமிஷமே, இதற்கா நன்றி சொல்ல வேண்டும் என்று ஆத்திரம் வந்தது. நான் பாடகர் குழுவில் இருக்கிறேன். வாய் பாடுகிறது, மனசு பாடவில்லை. நான் மாய்மாலக்காரியா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். மற்ற கேள்விகள் காத்திருக்கும், அது காத்திருக்காது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பக்கவாதம் ஒருமுறை வந்தவர் இரத்த அழுத்த மாத்திரையையோ இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையையோ தானாக நிறுத்தினால், இன்னொரு தாக்குதல் வரும் ஆபத்து கூடுகிறது. அளவைக் குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். விசுவாசம் இருக்கிறதா என்று பரீட்சை வைத்துப் பார்க்க உங்கள் கணவரின் உடம்பு இடமல்ல. அந்தச் சகோதரர் நல்ல மனதோடுகூடச் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

தேவன் ஆளுகிறார் என்று நம்புகிறவர் மருந்தை நம்பக் கூடாது என்ற எண்ணம் எங்கிருந்தோ நம் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. வேதத்தில் அதற்கு இடமில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 27-ம் அதிகாரத்தை ஒருதரம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். பவுல் கைதியாகக் கப்பலில் போகிறார், பெருங்காற்றில் கப்பல் சிக்கிக்கொள்கிறது. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் மூலம் அவருக்கு வாக்கு கிடைக்கிறது. கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். பதினான்காம் நாள் ராத்திரி, மாலுமிகள் நங்கூரம் போடுவதுபோல் பாசாங்கு செய்து படகில் தப்பிக்கப் பார்க்கிறார்கள். "தேவன்தான் வாக்குக் கொடுத்துவிட்டாரே, போனால் போகட்டும்" என்று பவுல் இருக்கவில்லை. இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார். சேவகர்கள் படகின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். அப்புறம் பவுல் எல்லாரையும் சாப்பிடச் சொல்கிறார். சாப்பிட்டுத் தெம்பு வந்ததும் கோதுமையைக் கடலில் கொட்டிப் பாரத்தைக் குறைக்கிறார்கள். கடைசியில் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் கரை சேருகிறார்கள்.

வாக்கு உறுதியாக இருந்தது. அது நிறைவேறிய வழியில் மாலுமியின் தொழில், வெட்டின கயிறு, வயிற்றுக்குப் போன சாப்பாடு, உடைந்த பலகை எல்லாம் இருந்தன. உங்கள் வீட்டில் அது பிசியோதெரபியாகவும் பேச்சுப் பயிற்சியாகவும் மாத்திரையாகவும் இருக்கிறது. சிகிச்சைக்கு ஓடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

சரி, இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்.

"அனுமதித்தார்" என்ற வார்த்தையில் நீங்கள் கண்ட ஓட்டை நிஜமாகவே அங்கே இருக்கிறது. நியமித்தார் என்பதா, அனுமதித்தார் என்பதா என்று சபைப் பிரிவுகளுக்குள் நீண்ட வாதம் உண்டு. அனுமதித்தார் என்று சொன்னால் தேவனைப் பழியிலிருந்து காப்பாற்றிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது என்பது என் எண்ணம். தடுக்க முடிந்தவர் தடுக்கவில்லை. இதை மழுப்ப நான் முயலப்போவதில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தடுக்க முடியாத ஒரு தேவன் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்லவர், உங்களுக்காக வருத்தப்படுகிறவர், ஆனால் கை கட்டப்பட்டவர். அவர்மேல் உங்களுக்குக் கோபம் வராது, அது உண்மைதான். மூன்று மணிக்கு எழுந்து அவரிடம் கேட்கவும் ஒன்றும் இருக்காது. உங்கள் கணவருக்கு வந்தது வெறும் விபத்து, அதற்கு மேலே யாரும் இல்லை என்றாகிவிடும். உங்களுக்குக் கோபம் வருகிறதென்றால், அவரால் முடியும் என்று நீங்கள் இன்னும் நம்புகிறீர்கள். உங்கள் கடிதத்தில் அவிசுவாசத்தைத் தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று. நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்கள் நிலையில் இருக்கிறவர்கள் மனதில் பெரும்பாலும் இருக்கும் என்பதால் சொல்கிறேன். இது ஏதோ பாவத்துக்கு வந்த தண்டனை அல்ல. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது இரண்டையும் இயேசு மறுத்துவிட்டார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றிப் பேசியபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்ல என்றார். காரணம் என்னவென்று அவர் விளக்கவில்லை. பழியை மட்டும் அவர்கள்மேல் போடவிடவில்லை.

அப்படியானால் இந்த நம்பிக்கையால் ஆறுதல் எப்படி வருகிறது? "எல்லாம் அவர் கையில்" என்ற வாக்கியம் மட்டும் ஆறுதல் தராது. அந்த விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. வல்லமை என்பது தனியாக நின்றால் பயம்தான் தரும். கொடுங்கோலனுக்கும் எல்லாம் கையில்தான் இருக்கும். ஆறுதல், அந்தக் கை யாருடையது என்பதில் இருக்கிறது. தேவனுடைய ஆளுகையைப் பற்றி இயேசு சொன்ன மிகக் கூர்மையான வார்த்தைகளில் ஒன்று அடைக்கலான் குருவிகளைப் பற்றியது. அவைகளில் ஒன்றாகிலும் "உங்கள் பிதாவின் சித்தமில்லாமல்" தரையில் விழாது என்கிறார். குருவி விழவே விழாது என்று அவர் சொல்லவில்லை என்பதைப் பாருங்கள். விழும். விழுகிற நேரத்தில் ஆளுகிறவர் பிதாவாக இருக்கிறார்.

அந்தப் பிதா எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால், லாசருவின் கல்லறைக்கு முன் இயேசு நின்ற காட்சியைப் பார்க்கலாம். சில நிமிஷத்தில் லாசரு எழுந்து வரப்போகிறான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணீர் விட்டார். முடிவு தன் கையில் இருந்தும், நடுவில் அழுகிறவர்களைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்கள், எல்லாம் நன்மைக்கே" என்று அவர் சொல்லவில்லை. மார்த்தாளும் மரியாளும் ஆளுக்கொருதரம், "நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று அவரிடம் சொன்னார்கள். அது கிட்டத்தட்ட உங்கள் கடிதத்தின் கேள்விதான். அவர் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை.

"எல்லாம் நன்மைக்கே" என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களிடம் அதைத்தான் அதிகம் பேர் சொல்லியிருப்பார்கள். ரோமர் 8:28-ஐ வாசிக்கிறவர்கள் அடுத்த வசனத்துக்குப் போவதில்லை. அந்த நன்மை எது என்று 29-ம் வசனம் சொல்கிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாக மாறுவது. கை முழுதாக வரும், போன வேலை திரும்பக் கிடைக்கும் என்று அந்த வசனம் வாக்குக் கொடுக்கவில்லை. வரலாம், அதற்காக ஜெபிக்கவும் வேண்டும். ஆனால் அந்த வசனத்தைக் கையின்மேல் கட்டி வைத்துவிட்டு, கை வராவிட்டால் தேவன் பொய்த்துவிட்டார் என்று உடைந்துபோக வேண்டாம்.

இதே கருத்தை யோசேப்பு சொன்ன இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ... அதை நன்மையாக முடியப்பண்ணினார்." இதைச் சொன்னது யார், எப்போது என்று கவனியுங்கள். பதினேழு வயதில் விற்கப்பட்டவன், முப்பது வயதில் பார்வோனுக்கு முன் நிற்கிறான். அதற்குப் பிறகு செழிப்பான ஏழு வருஷம், பஞ்சம், சகோதரர்கள் வருகை, தகப்பனின் மரணம். இத்தனைக்கும் பிறகு, அடிபட்டவனே தன் வாயால் அதைச் சொல்கிறான். அவனைக் குழியில் போட்ட அண்ணன்மார் சொல்லவில்லை, சிறையில் பக்கத்தில் இருந்தவனும் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை பாடுபட்டவருக்குத்தான் உண்டு. அவருக்கும் அது எப்போது வாயில் வருமோ அப்போதுதான் வரும். உங்களுக்கு இன்னும் வரவில்லை என்றால் வரவில்லை, அவ்வளவுதான். ஒரு வருஷத்தில் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சிறையில் இருந்தபோது யோசேப்பு என்ன பேசினான் தெரியுமா? பானபாத்திரக்காரனிடம், நான் ஒரு குற்றமும் செய்யவில்லை, என்னை நினைத்துப் பார்வோனிடம் சொல்லி வெளியே கொண்டுவா என்று கேட்டான். இது தேவ சித்தம், இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவன் சொல்லவில்லை. வெளியே வர வழி பார்த்தான். அந்த மனிதன் அவனை மறந்தும் போனான், இன்னும் இரண்டு வருஷம் போனது. பிறகு சகோதரர்களைப் பார்த்தபோதெல்லாம் அவன் எத்தனை தரம் அழுதான் என்று ஆதியாகமத்தில் தேடிப் பாருங்கள். எகிப்து வீட்டார் காதில் விழும்படி அழுதவன் அவன். ஆளுகையை நம்பினவன் இப்படித்தான் இருந்தான்: உதவி கேட்டான், ஏமாந்தான், சத்தமாக அழுதான்.

1563-ல் வெளிவந்த, சீர்திருத்தச் சபைகள் விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் ஹைடல்பெர்க் வினாவிடையில் இதைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. தேவன் எல்லாவற்றையும் தாங்கி நடத்துகிறார் என்று அறிவதால் நமக்கு என்ன பயன் என்று கேட்கிறது. துன்பத்தில் பொறுமை, செழிப்பில் நன்றி, இனி வரப்போவதைக் குறித்து நம் பிதாவின்மேல் உறுதியான நம்பிக்கை, அவருடைய அன்பிலிருந்து எதுவும் நம்மைப் பிரிக்காது என்ற நிச்சயம் என்பதே பதிலின் சாரம். அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றையும் கவனித்தேன். நடந்ததற்குக் காரணம் தெரியும் என்று அது சொல்லவில்லை. எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவும் அப்படித்தான். 42 அதிகாரம் உள்ள புத்தகத்தில், வாசிக்கிற நமக்கு முதல் இரண்டு அதிகாரத்திலேயே பின்னணி தெரிந்துவிடுகிறது. யோபுவுக்குக் கடைசிவரை யாரும் அதைச் சொல்லவில்லை. தேவன் பேசினார், காரணம் சொல்லவில்லை. ஆனால் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்த நண்பர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் பேசவில்லை என்றார்.

இதில்தான் உங்களுக்கு ஒரு இளைப்பாறுதல் இருப்பதாக நான் நினைக்கிறேன். இது ஏன் நடந்தது என்று விளக்கும் வேலை உங்களுடையதல்ல. இனி என்ன நடக்க வேண்டும் என்பதை முழுக்கக் கட்டுப்படுத்தும் வேலையும் உங்களுடையதல்ல. உங்கள் கடிதத்தைப் பார்த்தால், பகலில் ஒரு குடும்பத்தின் வேலையையும் ராத்திரியில் தேவனுடைய வேலையையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு பெண் தெரிகிறார். இரண்டாவதை விட்டுவிடலாம். உங்களுக்கு நாளைக்கு உள்ள பங்கு சின்னது: மாத்திரை கொடுப்பது, பயிற்சிக்கு அழைத்துப் போவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, வேலைக்குப் போவது. மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள், பணக்கணக்கும் போடாதீர்கள். மனதில் ஓடுவதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, பகலில் பாருங்கள். காக்கிறவர் உறங்குவதுமில்லை, தூங்குவதுமில்லை என்று சங்கீதம் 121 சொல்கிறது. ராத்திரி முழித்திருக்க வேண்டியவர் முழித்துத்தான் இருக்கிறார், நீங்களும் கூட உட்கார வேண்டாம்.

ஆனால் தூக்கமின்மையை வசனத்தால் மட்டும் சமாளிக்கச் சொல்லமாட்டேன். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் அது வரக்கூடும், வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. தூக்கக் குறைவு, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, அழுகை இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கணவருக்காகப் போகும் அடுத்த முறையே உங்களுக்கும் ஒரு சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு எப்போதாவது வந்தால், அடுத்த முறைவரை காத்திருக்காமல் அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். இது விசுவாசக் குறைவுக்கு அடையாளம் அல்ல. தேவனுடைய வழிகள் மனிதனுக்கு மறைவானவை என்று இன்றும் சபைகளில் பாடப்படும் ஒரு ஞானப்பாட்டை எழுதிய ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர், அதை எழுதிய 1773-ம் ஆண்டிலேயே கடுமையான மனச்சோர்வில் விழுந்தார். அவருடைய போதகர் ஜான் நியூட்டன் பாட்டை நினைவுபடுத்தி அவரைத் தேற்றிவிட்டுப் போகவில்லை. தன் வீட்டில் ஒரு வருஷத்துக்கும் மேல் தங்கவைத்துப் பார்த்துக்கொண்டார்.

இனி சந்தோஷம். "சந்தோஷமாயிருங்கள்" என்று உங்களிடம் சொல்கிறவர்கள் பிலிப்பியர் நிருபத்திலிருந்து எடுத்துச் சொல்கிறார்கள். பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு எழுதினார். அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தன் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து சாகிற நிலைக்குப் போய்ப் பிழைத்ததைச் சொல்லி, எனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வராதபடி தேவன் எனக்கும் இரங்கினார் என்கிறார். அவன் இறந்திருந்தால் தனக்குத் தாங்கியிருக்காது என்று ஒத்துக்கொள்கிற மனிதர்தான், இரண்டு அதிகாரம் தள்ளி, எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று எழுதுகிறார். ஆபகூக் தீர்க்கதரிசியும், அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று பாடுவதற்குச் சற்று முன்னால்தான், உதடு துடிக்கிறது, உடம்பு நடுங்குகிறது என்கிறார். நடுக்கம் போன பிறகு வந்த மகிழ்ச்சி அல்ல அது. இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் இருந்தன. ஆகவே முகத்தில் சிரிப்பு இல்லாததை வைத்து உங்களுக்குள் சந்தோஷம் இல்லை என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம், நீங்களும் கட்ட வேண்டாம்.

அந்தத் தம்ளர் விஷயத்தை நான் பலமுறை வாசித்தேன். நீங்கள் சிரித்தது நிஜமான சந்தோஷம். அதைக் கெடுத்தது, இதைக் காட்டித் தேவன் அதற்கு ஈடுகட்டப் பார்க்கிறாரோ என்ற சந்தேகம். ஒரு தம்ளர் தண்ணீர் ஒரு வருஷத்துக்கு ஈடாகாது. ஆக வேண்டியதும் இல்லை. போனது போனதாகவே இருக்கட்டும், அதற்காக அழுங்கள். தம்ளரைப் பிடித்தது தனி, அதற்காகச் சிரியுங்கள். நன்றி சொன்னால் நடந்ததெல்லாம் சரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். உங்கள் கணவரும் அன்றைக்கு உங்கள் சிரிப்பைப் பார்த்திருப்பார். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஜெபத்தில் "உம்முடைய சித்தம் ஆகக்கடவது" என்று உடனே போய்விடாதீர்கள். கெத்செமனேயில் இயேசு முதலில் கேட்டார். இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நமக்கோ கேட்பதில் வெட்கம், ஒப்புக்கொடுப்பதில் அவசரம். கை முழுதாக வர வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கோபம் வந்தால் அதையும் சொல்லுங்கள்.

பாடகர் குழுவைப் பற்றிக் கேட்டீர்கள். மாய்மாலம் என்பது இல்லாததை இருப்பதாகக் காட்டி மற்றவர்களை ஏமாற்றுவது. மனசு வராதபோதும் நம்புகிறதைப் பாடுவது அதில் சேராது. சங்கீதம் 88-ஐ எடுத்துப் பாருங்கள். கடைசி வசனம்வரை அதில் வெளிச்சமே வராது, சிநேகிதர்கள் விலகிப்போனார்கள் என்று முடிந்துவிடும். அதன் தலைப்பில் கோராகின் புத்திரருடைய பாட்டு என்றும், இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது என்றும் இருக்கிறது. அதாவது அதைப் பாடியது ஒரு பாடகர் குழு. அன்றைக்கு மனசு நிறைந்திருந்தவர்களும் உடைந்திருந்தவர்களோடு சேர்ந்து அதைப் பாடியிருப்பார்கள். இப்போது உங்கள் குழுவில் மனசு நிறைந்தவர்கள் பாடுகிற பாட்டில் நீங்கள் சேர்ந்துகொள்ளுங்கள். தொண்டை அடைத்தால் நிறுத்திவிட்டு நில்லுங்கள், பக்கத்தில் இருக்கிறவர்கள் பாடுவார்கள். நாலைந்து வாரம் ஓய்வு வேண்டுமென்றாலும் குழுத்தலைவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை.

கடைசியாக, ஆறுதல் சொல்ல வருகிறவர்களைப் பற்றி. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். உங்கள் சபையாரிடமும் அந்த நல்ல மனசு இருக்கும், என்ன செய்வது என்று தெரியாததால் பேசுகிறார்கள். அடுத்த முறை யாராவது "எல்லாம் கர்த்தர் கையில்" என்று தொடங்கினால், வாதம் செய்யாமல் இப்படிக் கேளுங்கள்: "ஆமாம் அக்கா. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணிநேரம் இவரோடு உட்கார்ந்திருக்க முடியுமா? நான் கொஞ்சம் தூங்க வேண்டும்."